1914க்கு முன்பு எல்லோரும் ரஷ்யாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்

முதல் உலகப் போர் ஏன் வந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த விடை பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஜெர்மனி பிந்தி எழுந்த வல்லரசு, அதற்குக் காலனிகள் வேண்டியிருந்தன, பிரிட்டனோடு கப்பல் கட்டும் போட்டி நடந்தது, ஐரோப்பா இரண்டு அணிகளாகப் பிரிந்தது, சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக எடுத்து வைத்தால் ஓர் உறுத்தல் வரும். கப்பல் போட்டியில் ஜெர்மனிக்கு 1912 வாக்கிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பணம் தரைப்படைக்குத் திரும்பியது. பாக்தாத் ரயில் பாதைத் தகராறை லண்டனும் பெர்லினும் 1914 ஜூனில் பேசித் தீர்த்திருந்தன. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட அதே வாரம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கீல் துறைமுகத்தில் ஜெர்மன் பேரரசர் கைசரின் விருந்தாளிகளாக நின்றுகொண்டிருந்தன. அந்தப் பக்கம் பகை தணிந்துகொண்டுதான் இருந்தது.

போர் கிழக்கிலிருந்து வந்தது. 1905இல் படுத்துவிட்ட ரஷ்யா 1914இல் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பத்து வருட ஏற்ற இறக்கத்தைத்தான் பெர்லினும் வியன்னாவும் பாரிஸும் லண்டனும் ஓயாமல் அளந்துகொண்டிருந்தன. ரஷ்யா சோர்ந்திருந்தபோது சிலருக்குத் துணிச்சல் வந்தது. அது தெம்பு பெற்றதும் அதே ஆட்களுக்குப் பயம் வந்தது. இரண்டில் பின்னதுதான் அதிக நாசம் செய்தது என்பது என் எண்ணம்.

பணம் போட்ட முடிச்சு

1871இல் ஜெர்மனி ஒன்றுபட்டு பிரான்ஸிடமிருந்து அல்சாஸ்-லொரைன் பகுதியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அதன் பிரதமர் பிஸ்மார்க்குக்கு ஒரே கவலைதான்: பிரான்ஸுக்குத் துணை கிடைத்துவிடக் கூடாது. 1879இல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும், 1882இல் இத்தாலியையும் சேர்த்தும் உடன்படிக்கை செய்தார். 1887இல் ரஷ்யாவோடு தனியாக ஒரு ரகசிய ஒப்பந்தம். ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கனில் முட்டிக்கொள்ளும் எதிரிகள். இரண்டையும் ஒரே கையில் பிடித்திருந்தார்.

ஆனால் அதே 1887இல் அவரே இன்னொரு காரியமும் செய்தார். ரஷ்ய அரசின் கடன் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் தரக் கூடாது என்று ஜெர்மன் மத்திய வங்கிக்கு உத்தரவு போட்டார். ஜார் அரசுக்கோ பணம் தண்ணீர்போல் தேவைப்பட்டது. அது பாரிஸுக்குப் போனது. 1888 முதல் பிரெஞ்சு நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு ரஷ்யக் கடன் பத்திரங்களில் இறங்கத் தொடங்கியது. அந்தப் பத்திரங்களைப் பற்றி நல்லபடியாக எழுதப் பாரிஸ் பத்திரிகைகளுக்கு ரஷ்ய நிதித்துறையின் ஆளான ஆர்தர் ரஃபலோவிச் வருடக்கணக்கில் பணம் கொடுத்துவந்தார் என்பது தனிக் கதை.

1890இல் பிஸ்மார்க் பதவியிலிருந்து போனதும் அந்த ரகசிய ஒப்பந்தத்தை ஜெர்மனி புதுப்பிக்கவில்லை. மறு வருடமே பிரெஞ்சுக் கப்பல்படை ரஷ்யாவின் க்ரோன்ஷ்டாட் துறைமுகத்துக்கு வந்தது. ரஷ்யாவில் பாடத் தடையிருந்த பிரெஞ்சுப் புரட்சிப் பாடல் ஒலித்தபோது ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் தொப்பியைக் கழற்றி நின்றார். முடியரசுகளிலேயே கெடுபிடி மிகுந்த ஒன்றும் ஒரு குடியரசும் 1894 தொடக்கத்தில் ராணுவக் கூட்டாளிகள் ஆயின. பணம் முன்னால் போனது, படை ஒப்பந்தம் பின்னால் வந்தது.

முக்டெனுக்குப் பிறகு மூன்று வாரம்

பிரிட்டன் இந்தக் கணக்கில் இல்லை. அதன் தலைவலி இந்தியாவின் வடமேற்கு எல்லை. ரஷ்யா மத்திய ஆசியாவுக்குள் ரயில் பாதை போட்டுக்கொண்டு வந்தது. ஓரன்பர்க்-தாஷ்கண்ட் பாதை 1906இல் முடிந்தது. இந்தியப் படைத் தலைவராக இருந்த கிட்ச்னர் போர் வந்தால் பிரிட்டனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதல் துருப்புகள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆப்கானிஸ்தான் மலைகளில் சாமான் சுமக்க எத்தனை லட்சம் ஒட்டகம் வேண்டும் என்றுகூட லண்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் கஜானாவைக் காலி செய்திருந்த நேரம் அது. தனியாகச் சமாளிக்க முடியாது என்று 1902 ஜனவரியில் ஜப்பானோடு கைகோத்தது பிரிட்டன்.

இரண்டு வருடத்தில் ஜப்பான் போரில் இறங்கிவிட்டது. 1904 பிப்ரவரியில் சீனக் கரையில் ரஷ்யா வைத்திருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்கள் தாக்கப்பட்டன. ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸ், ஜப்பானின் கூட்டாளி பிரிட்டன். நம்மை இதில் இழுத்துவிடப் போகிறார்கள் என்ற அச்சம் இரண்டுக்கும். எகிப்து, மொராக்கோ வழக்குகளைத் தீர்த்துக்கொண்டு ஏப்ரல் 8ஆம் தேதி இருவரும் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆனாலும் அந்த அக்டோபரில் விபரீதம் நடக்க இருந்தது. ஜப்பானை நோக்கிக் கிளம்பிய ரஷ்ய பால்டிக் கப்பல்படை வட கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படகுகளை ஜப்பானிய டார்பிடோ படகுகள் என்று நினைத்துச் சுட்டது. வட கடலில் ஜப்பான்காரன் எப்படி வந்தான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனும் ரஷ்யாவும் மோதாமல் தப்பியது பெரிய விஷயம்.

1905 ஜனவரியில் போர்ட் ஆர்தர் விழுந்தது. மார்ச் 10 வாக்கில் மஞ்சூரியாவின் முக்டெனில் ரஷ்யத் தரைப்படை தோற்றுப் பின்வாங்கியது. மே மாதக் கடைசியில் சுஷிமா நீரிணையில், பாதி உலகத்தைச் சுற்றி வந்த அந்த பால்டிக் கப்பல்படை இரண்டே நாளில் அழிந்தது. உள்நாட்டிலோ வேலைநிறுத்தம், கலகம், புரட்சி.

முக்டென் முடிந்து மூன்று வாரத்தில், மார்ச் 31 அன்று, கைசர் வில்ஹெல்ம் மொராக்கோவின் டாஞ்சியரில் போய் இறங்கினார். மொராக்கோ சுதந்திர நாடு என்று பிரான்ஸின் காதில் விழும்படி பேசினார். பிரான்ஸின் கூட்டாளி எழ முடியாமல் கிடக்கும் நேரம் பார்த்து விட்ட சவால் அது. பலன் நேர்மாறாக அமைந்தது. 1906இல் மொராக்கோ பற்றி நடந்த அல்ஹெசிராஸ் மாநாட்டில் ஜெர்மனி ஏறக்குறைய தனித்து நின்றது. அங்கே தன்னை ஆதரித்த ரஷ்யாவுக்குப் பிரான்ஸ் முன்னின்று ஏப்ரலில் 225 கோடி ஃபிராங்க் கடன் திரட்டிக் கொடுத்தது. ஜார் அரசு அந்தப் பணத்தில்தான் புரட்சியைத் தாண்டியது.

பிரிட்டனும் பாடம் படித்தது. ரஷ்யா இளைத்துப்போனதால் பேரம் பேச வசதியான நேரம் இது. 1907 ஆகஸ்ட் 31 அன்று பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் மூன்றையும் பற்றி உடன்பாடு. பாரசீகத்தை வடக்கே ரஷ்யா, தென்கிழக்கே பிரிட்டன், நடுவில் பொது என்று கூறு போட்டார்கள். பாரசீகர்களை யாரும் கேட்கவில்லை. பலரும் இதை ஜெர்மனியைச் சுற்றிப் போட்ட வேலி என்கிறார்கள். எனக்கு இது முதலில் இந்தியாவைக் காக்கப் போட்ட வேலியாகவே படுகிறது. பக்கவிளைவாக ஜெர்மனி உள்ளே சிக்கிக்கொண்டது.

ஜப்பான் உறவால் இன்னொரு மாற்றமும் நடந்தது. பிரிட்டன் சீனக் கடலில் வைத்திருந்த பெரிய போர்க்கப்பல்களை ஊருக்கு அழைத்துக்கொண்டு வட கடலில் நிறுத்தியது. 1914இல் ஜெர்மனியின் சிங்தாவ் துறைமுகத்தை முற்றுகையிட்டுப் பிடித்தது ஜப்பான்தான். போருக்குச் சற்று முன் அந்தத் துறைமுகத்திலிருந்து வெளியேறிய கப்பல்தான் செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன்.

ஒரு கோட்டையில் நடந்த பேச்சு

1908 செப்டம்பரில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் இஸ்வோல்ஸ்கியும் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் ஏரந்தாலும் மொராவியாவிலுள்ள புக்லாவ் கோட்டையில் சந்தித்தார்கள். கோட்டையின் சொந்தக்காரர் பெர்க்டோல்ட்; 1914இல் ஆஸ்திரியாவின் வெளியுறவு அமைச்சராக இருக்கப்போகிறவர். பேரம் இதுதான்: 1878 முதல் ஆஸ்திரியா நிர்வகித்துவந்த, பெயரளவில் உதுமானியத் துருக்கியருடைய போஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ரஷ்யப் போர்க்கப்பல்கள் கருங்கடல் நீரிணை வழியாகப் போய்வர ஆஸ்திரியா ஆதரவு தரும். எழுத்தில் எதுவும் வைக்கவில்லை. எப்போது அறிவிப்பது என்பதில் ஆளுக்கொரு கதை. இஸ்வோல்ஸ்கி மற்ற தலைநகரங்களைச் சரிக்கட்டப் புறப்பட்டுப் பாரிஸில் இருந்தபோதே, அக்டோபர் 6 அன்று, இணைப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. நீரிணை பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

செர்பியா கொதித்தது. போஸ்னியாவில் செர்பியர்கள் நிறைய. ரஷ்யா அதன் பின்னால் நின்றது. ஆனால் 1909 மார்ச்சில் பெர்லினிலிருந்து ஒரு கேள்வி வந்தது: இணைப்பை ஏற்கிறீர்களா, ஆமா இல்லையா? இல்லை என்று சொல்ல ரஷ்யாவிடம் படை தயாராக இல்லை. ஆம் என்றது. அந்த அவமானம் ரஷ்ய மேல்மட்டத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது. இன்னொரு முறை இப்படிப் பின்வாங்கினால் வல்லரசு என்று சொல்லிக்கொள்ளவே முடியாது என்ற பேச்சு அதன்பின் அடிக்கடி வந்தது. பலவீனமானவனைக் குனியவைத்ததில் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் வெற்றிதான். அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்வான் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

உதுமானியர் பின்வாங்கிய வெற்றிடம்

அடுத்த திருப்பம் ஒருவரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி உதுமானியர்மீது போர் அறிவித்து லிபியாவுக்குள் இறங்கியது. போரில் விமானத்திலிருந்து முதன்முதலாகக் குண்டு வீசியது அங்கேதான். நவம்பர் 1 அன்று கவோட்டி என்ற இத்தாலிய லெப்டினன்ட் கையால் எடுத்துப் போட்டார். குண்டைவிடப் பெரிய விளைவு வேறொன்று. 1912 வசந்தத்தில் இத்தாலியக் கப்பல்கள் கருங்கடலுக்குப் போகும் வழியான டார்டனெல்ஸ் பக்கம் வந்ததும் உதுமானியர் நீரிணையைச் சில வாரங்கள் மூடிவிட்டார்கள். ரஷ்யாவின் தானிய ஏற்றுமதியில் பெரும்பகுதி போகும் வாசல் அது. தொழிற்சாலைக்கும் கடனுக்கும் பணம் கொடுத்தது அந்தக் கோதுமைதான். இந்த வாசலில் வேறு யாரும் காவல் உட்காரக் கூடாது என்று ரஷ்யா அன்றிலிருந்து பிடிவாதம் பிடித்ததில் வியப்பில்லை.

உதுமானியர் தடுமாறுவதைப் பார்த்த பால்கன் நாடுகள் ஒன்று சேர்ந்தன. செர்பியாவையும் பல்கேரியாவையும் 1912 மார்ச்சில் சேர்த்துவைத்ததில் ரஷ்யத் தூதர்களின் கை இருந்தது. அக்டோபரில் போர். சில வாரங்களில் உதுமானியர் ஐரோப்பாவில் இருந்த நிலத்தை ஏறக்குறைய முழுவதும் இழந்தார்கள். 1913 ஜூனில் வென்றவர்களே பங்கு போடுவதில் அடித்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் புகாரெஸ்ட் உடன்படிக்கை வந்தபோது செர்பியா 48,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 87,000 ஆகியிருந்தது. மக்கள்தொகை 29 லட்சத்திலிருந்து 44 லட்சம் அளவுக்கு.

ஆஸ்திரியா-ஹங்கேரியின் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும்? முன்பு அதன் தெற்கே ஒரு கிழட்டுப் பேரரசு இருந்தது. இப்போது அதே இடத்தில், தன் சொந்தக் குடிமக்களான தென் ஸ்லாவியரைக் கைநீட்டிக் கூப்பிடும் ஒரு வெற்றி பெற்ற அரசு. அதை அடக்கும் வழிகளையும் வியன்னா ஏற்கெனவே வீணடித்திருந்தது. 1906இல் செர்பியாவின் பன்றி ஏற்றுமதிக்கு எல்லையை மூடினார்கள். பன்றியும் இறைச்சியும்தான் அந்நாட்டின் பிழைப்பு, வாங்குவதும் பெரும்பாலும் ஆஸ்திரியாவே. சீக்கிரம் வழிக்கு வந்துவிடும் என்று கணக்கு. செர்பியா வேறு சந்தைகளைத் தேடிக்கொண்டது. அந்த வியாபாரத்தில் நல்ல பங்கை எடுத்துக்கொண்டது ஆஸ்திரியாவின் உற்ற நண்பனான ஜெர்மனி. பீரங்கிகளை ஆஸ்திரியாவின் ஸ்கோடாவிடம் வாங்காமல் பிரான்ஸின் ஷ்னைடரிடம் வாங்கியது செர்பியா. அதற்குக் கடனும் பாரிஸில் கிடைத்தது.

ஆஸ்திரியப் படைத் தலைவர் கான்ராட் 1913இல் மட்டும் இருபத்தைந்து தடவை செர்பியாமீது போர் தொடுக்கச் சொன்னார் என்று வரலாற்றாசிரியர்கள் எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆனால் படைக்கு ஆள் எடுப்பதை ஹங்கேரிய நாடாளுமன்றம் 1912 வரை வருடக்கணக்காக இழுத்தடித்திருந்தது.

எல்லோர் நாட்காட்டியிலும் 1917

1912 டிசம்பர் 8 அன்று கைசர் தன் படைத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். போர் தவிர்க்க முடியாதது, எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்றார் தரைப்படைத் தலைவர் மோல்ட்கே. ஒன்றரை வருடம் பொறுக்கலாம் என்றார் கப்பல்படையின் திர்பிட்ஸ். பெரிய போர்க்கப்பல்கள் போகும்படி கீல் கால்வாயை அகலப்படுத்தும் வேலை முடியவில்லை. அந்த அறையில் போருக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே இருந்த கடற்படை அதிகாரி முல்லரே, பலன் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றுதான் நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் எந்தத் திசையில் யோசிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. (கால்வாய் வேலை 1914 ஜூன் 24 அன்று முடிந்தது.)

1913இல் ஜெர்மனி தரைப்படையில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் ஆள் சேர்க்கச் சட்டம் போட்டது. நான்கு கோடிகூட மக்கள் இல்லாத பிரான்ஸ், ஆறரைக் கோடியைத் தாண்டிய ஜெர்மனிக்கு ஈடுகொடுக்க, கட்டாயச் சேவையை இரண்டிலிருந்து மூன்று வருடமாக நீட்டியது. ஆனால் கணக்கையே மாற்றியவை ரஷ்யாவின் இரண்டு திட்டங்கள். ஒன்று, படையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் கூட்டும் 'பெருந்திட்டம்', 1917இல் முடியும். இன்னொன்று, பிரெஞ்சுக் கடனில் மேற்கு எல்லைக்கு ரயில் பாதை; வருடத்துக்கு 50 கோடி ஃபிராங்க் வீதம் ஐந்து வருடத்துக்கு.

ரயில் பாதைதான் ஜெர்மன் படைத் தலைமையின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர்களுடைய மொத்தத் திட்டமும் ரஷ்யா மெதுவாகப் படை திரட்டும் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. மோல்ட்கேக்கு முன் படைத் தலைவராக இருந்த ஷ்லீஃபென் தன் குறிப்பை எழுதியது 1905 டிசம்பரில், ரஷ்யா குப்புற விழுந்து கிடந்தபோது. ஏறக்குறைய ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டு ரயிலேறிக் கிழக்கே போவது யோசனை. 1913 வாக்கில் ரஷ்யாவோ பதினைந்தாம் நாளே தாக்குவதாகப் பிரான்ஸுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. புது ரயில் பாதைகள் வந்துவிட்டால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஜெர்மனியின் திட்டம் வெறும் காகிதமாகிவிடும். இந்த நிலையில் மோல்ட்கே 1913இல் கிழக்கே மட்டும் போரிடும் மாற்றுத் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். விளைவு என்ன? பால்கனில் தகராறு வந்து ரஷ்யா படை திரட்டினால், ஜெர்மனி செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: பெல்ஜியத்துக்குள் நுழைவது. செர்பியப் பிரச்சினைக்கும் பெல்ஜியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், ரயில் அட்டவணைதான்.

1914 வசந்தத்தில் மோல்ட்கே தன்னிடம் சொன்னதை வெளியுறவுச் செயலர் யாகோவ் பின்னாளில் எழுதிவைத்தார்: இரண்டு மூன்று வருடத்தில் ரஷ்யா ஆயுத வேலையை முடித்துவிடும், அப்புறம் சமாளிக்க முடியாது, இப்போதே போரை வரவழைப்பதுதான் வழி. பிரதமர் பெத்மான் ஹால்வெக் பெர்லினுக்குக் கிழக்கே ஹோஹென்ஃபினோ என்ற ஊரிலிருந்த தன் பண்ணையில் மரக்கன்று நடத் தயங்கினார், எப்படியும் சில வருடத்தில் ரஷ்யர்கள் வந்துவிடுவார்கள் என்றார் என்றும் ஒரு கதை உண்டு.

எதிர்ப்பக்கம் நிம்மதியாக இருந்ததா என்றால் இல்லை. 1913 டிசம்பரில் லீமான் ஃபான் சாண்டர்ஸ் என்ற ஜெர்மன் தளபதி இஸ்தான்புல்லில் நீரிணைப் பக்கத்துப் படைக்கே தலைவராக வந்து இறங்கினார். ரஷ்யா குதித்த குதியில் ஜனவரியில் அவர் பதவியை மாற்ற வேண்டிவந்தது. உதுமானியருக்காக பிரிட்டிஷ் தளங்களில் டிரெட்னாட் என்ற பெரிய ரகப் போர்க்கப்பல்கள் இரண்டு உருவாகிக்கொண்டிருந்தன. அவை வந்து சேர்ந்தால் கருங்கடலில் ரஷ்யாவுக்கு ஈடான கப்பல் கிடையாது. பிரிட்டனுக்கோ பயம் வேறு மாதிரி. பலம் பெற்ற ரஷ்யா 1907 உடன்பாட்டை உதறிவிட்டுப் பாரசீகத்திலும் இந்திய எல்லையிலும் மறுபடி தலைநீட்டினால்? வெளியுறவுத் துறையின் நிரந்தரச் செயலர் நிக்கல்சனுக்கு ரஷ்யா பகைவன் ஆவதுதான் ஜெர்மனியைவிடப் பெரிய கவலை. அதனால் 1914 வசந்தத்தில் ரஷ்யாவோடு கடற்படைப் பேச்சுக்கு லண்டன் சம்மதித்தது. லண்டனிலிருந்த ரஷ்யத் தூதரக அதிகாரி ஸீபெர்ட் அந்தக் காகிதங்களை பெர்லினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜூன் 11 அன்று வெளியுறவு அமைச்சர் கிரே நாடாளுமன்றத்தில் பட்டும் படாமலும் மறுத்தபோது, பெத்மான் மேசையில் உண்மை ஏற்கெனவே இருந்தது. பிரிட்டன் நடுவராக இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே அடிபட்டது.

ஜூன் 28 அன்று போஸ்னியாவின் சரயேவோவில் நடந்த கொலைக்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த வரிசைதான். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த முழு ஆதரவு, 23ஆம் தேதி கொலைக்குச் செர்பியாவைக் குற்றம்சாட்டி ஆஸ்திரியா விட்ட கெடு, 30ஆம் தேதி ரஷ்யாவின் முழுப் படைதிரட்டல், ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனின் போர் அறிவிப்பு. பெர்லின் யோசித்த விதம் இது: ரஷ்யா பின்வாங்கினால் 1909 மாதிரி இன்னொரு வெற்றி, பின்வாங்காவிட்டால் 1917ஐவிட இப்போது மோதுவது மேல். ரஷ்யாவோ 1909ஐ நினைத்துத்தான் பின்வாங்க மறுத்தது. பெருந்திட்டத்துக்கு ஜார் ஒப்புதல் தந்ததும் அதே ஜூலையில்தான்.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் சரி? காகிதத்தில் இருந்த ரஷ்யாவைத்தான் அவர்கள் அளந்தார்கள். நிஜ ரஷ்யப் படை ஆகஸ்ட் நடுவிலேயே ஜெர்மனியின் கிழக்குப் பிரஷியாவுக்குள் வந்துவிட்டது, வாக்குத் தவறவில்லை. ஆனால் மாதக் கடைசியில் டானன்பெர்க்கில் ஒரு படையையே இழந்தது. குண்டுத் தட்டுப்பாடு சீக்கிரமே தலைகாட்டியது.

கூட்டாளிகளைப் பற்றிய கணக்கும் பிசகியது. இத்தாலி நடுநிலை என்றது. ருமேனியா 1883 முதல் ஜெர்மன்-ஆஸ்திரியக் கூட்டில் ரகசியமாக இருந்த நாடு. ஜெர்மன் அரச குடும்பத்தில் பிறந்த மன்னர் கரோல் ஆகஸ்ட் 3 அன்று சினாயாவில் தலைவர்களைக் கூட்டி ஒப்பந்தப்படி போரில் சேரலாம் என்றார். ஏறக்குறைய ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. பலருக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே புதுச் செய்தி. ஆனால் அந்த இரண்டு டிரெட்னாட்டுகளை பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சில் பறிமுதல் செய்ததும், கோபத்தில் இருந்த உதுமானியருக்கு ஆகஸ்ட் 10 அன்று கோபென், ப்ரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மன் கப்பல்கள் டார்டனெல்ஸ் வழியாக வந்து சேர்ந்தன. அக்டோபர் 29 அன்று கோபென் செவஸ்டபோலையும், உதுமானியரின் சிறு போர்க்கப்பல்கள் ஒடெஸாவையும் சுட்டன. ரஷ்யாவின் கோதுமை வெளியே போகவும், கூட்டாளிகளின் துப்பாக்கியும் குண்டும் உள்ளே வரவும் இருந்த நல்ல வழி அத்தோடு போர் முடியும்வரை அடைபட்டது.